தண்ணீர் வடிகட்டியை மறுக்கலாமா?

பிக்கு ஒருவர் தமக்கென வைத்துக்கொள்ளத் தக்க பொருள்கள் எட்டே என்பதைப் பௌத்த அன்பர்கள் அறிவார்கள். மூன்று துவராடைகள், பிச்சைப் பாத்திரம், சவரக்கத்தி, ஊசி, இடைக்கச்சு, நீர்வடிகட்டி என்பன அவை. வீட்டையும் நிலத்தையும் பொன்னையும் விட்டு வந்தவருக்கு நீர்வடிகட்டி எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஆற்றிலும் குளத்திலும் முகக்கும் நீரில் கண்ணுக்கு எளிதிற் புலப்படாத சிற்றுயிர்கள் உள. அவற்றை விழுங்கிக் கொல்லாதிருக்கவே அத்துணி ஏற்பட்டது. குடிப்பவரின் உடலுக்கும் அது நன்மை செய்தது. பாலி மொழியில் அதற்குப் 'பரிஸ்ஸாவனம்' என்று பெயர். நீரைத் தூய்மை செய்யும் கருவிகளுள் மிக எளியதாகிய இதனைப் பற்றி விநய பிடகத்தில் ஒரு விதி உண்டு. நம் காலத்தில் நீர்த்தூய்மைக் கருவிகளின் உரிமை குறித்து நீதிமன்றங்களில் நடந்த வழக்குகளை எடை போடுவதற்கு அவ்விதி நமக்கு நல்ல துலாக்கோலாகும்.

விதி பிறந்த வரலாறு இது. பிக்குகள் இருவர் கோசல நாட்டில் நெடுவழி சென்றுகொண்டிருந்தனர். அவருள் ஒருவர் ஒழுக்கத்திற்குப் பொருந்தாத செயல் ஒன்றைச் செய்தார். அது தகாது என்று மற்றவர் எடுத்துரைத்தார். கேட்டவர் திருந்தவில்லை, மனத்தில் வன்மம் கொண்டார். பின்னர், அறிவுரை சொன்னவருக்கு வழியில் கடுந்தாகம் உண்டாயிற்று. அவரிடம் வடிகட்டி இல்லை. வன்மங் கொண்டவரை நோக்கி, "நண்பரே, வடிகட்டியைத் தாரும், நீர் பருகுகிறேன்" என்று வேண்டினார். அவர் கொடுக்கவில்லை. கேட்டவர் தாகத்தாலேயே மாண்டார். செய்தி பகவானுக்கு எட்டியது. மறுத்த பிக்குவைக் கடிந்துரைத்த பின், வழிச்செல்லும் பிக்கு, தம்மை வடிகட்டி கேட்டவருக்கு அதனை மறுத்தல் கூடாது என்றும், மறுப்பது குற்றம் என்றும் விதித்தார். அதனோடு நில்லாமல், வடிகட்டி இல்லாமல் நெடுவழி புறப்படுதலும் கூடாது என்றார். வடிகட்டி கிடைக்கவில்லையாயின் மேலாடையின் முனையையே வடிகட்டியாகக் கருதி வடித்துப் பருகலாம் என்றும் இடங்கொடுத்தார்.

இவ்விதி சொல்லாமல் விட்டதும் கவனிக்கத்தக்கது. வடிகட்டி அனைவருக்கும் பொது என்று பகவான் சொல்லவில்லை. அதனை வைத்திருந்தவரிடமிருந்து பறித்துச் சங்கத்தின் களஞ்சியத்தில் சேர்க்கவும் இல்லை. அது அவருடையதாகவே இருந்தது. அவரிடமிருந்து நீக்கப்பட்டது ஒன்றே ஒன்று. தாகங்கொண்டு கேட்பவனிடம் 'இல்லை' என்று சொல்லும் அதிகாரம். உடைமை வேறு, மறுக்கும் அதிகாரம் வேறு. இவ்விரண்டும் எப்பொழுதும் ஒன்றாகவே இருக்கும் என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். இவற்றைப் பிரித்துப் பார்க்கலாம் என்பதே நாம் இங்கு நிலைநாட்டக் கருதுவது.

இனி நம் காலத்திற்கு வருவோம். பேடண்டு என்று வழங்கும் காப்புரிமை யாதென்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். ஒருவர் புதிய கருவியையோ செய்முறையையோ கண்டுபிடிக்கிறார். அதனை மறைத்து வைக்காமல், துறை அறிந்த எவரும் செய்து பார்க்கும் வண்ணம் விவரமாக எழுதி அரசிடம் கொடுக்கிறார். அதற்கு ஈடாக, குறித்த ஆண்டுகள் வரையில் அவர் இசைவின்றிப் பிறர் அதனைச் செய்யவும் விற்கவும் பயன்படுத்தவும் கூடாது என்று அரசு தடை செய்கிறது. இந்தியாவில் இக்காலம் இன்று 20 ஆண்டு. அத்தடையை ஒருவருக்காக நீக்கி, பணம் பெற்றுக்கொண்டு இசைவு தரும் ஒப்பந்தமே உரிமம் அல்லது லைசென்ஸ். அதற்குச் செலுத்தும் பணம் ராயல்டி.

தருமங்களை மறைத்து வைக்கும் ஆசிரியனின் மூடிய கை ததாகதரிடம் இல்லை என்று மகாபரிநிப்பாண சூத்திரம் கூறுவதை நாம் படித்திருக்கிறோம். அந்த அளவுகோலால் பார்த்தால் காப்புரிமை முற்றும் மூடிய கையன்று. தொழில் மறையாகவே ஒளித்து வைப்பவனைவிட, எழுதி வெளியிடுபவன் ஒரு படி மேலானவனே. ஆயினும் அவன் விரித்த கையிலுள்ளதைப் பார்க்கலாம், எடுக்கலாகாது. உரிமம் விற்பவன் நீரை விற்பதில்லை. அறிவையும் விற்பதில்லை, அறிவு அச்சேறி எல்லார் முன்னும் கிடக்கிறது. "நான் உன்னைத் தடுக்கமாட்டேன்" என்னும் வாக்கையே அவன் விற்கிறான். ஆதலால் உரிமத்தைப் பற்றிய ஒவ்வொரு வழக்கும், ஆராய்ந்து பார்த்தால், தடுக்கும் அதிகாரத்தைப் பற்றிய வழக்கேயாகும்.

நம் பனச்சமூட்டுப் பக்கத்தில் இக்கேள்வி வெறும் ஏட்டுக்கேள்வி அன்று. இது எல்லையூர். சிறிது தூரம் நடந்தால் மாநிலம் மாறும். ஒருபுறம் நெய்யாற்றின்கரை, மறுபுறம் விளவங்கோடு. மண் மட்டும் மாறுவதில்லை. இருபுறமும் செம்பாறை மண். இத்தகைய மண்ணில் தோண்டிய கிணறுகள் பலவற்றில் நீர் சற்றே புளிப்புத் தன்மையுடையது. சிலவற்றில் இரும்பு கலந்து, இறைத்து வைத்த நீர் சிவந்து போகும். ரப்பர்ப் பாலை அமிலமிட்டு உறையவைத்துத் தகடாக்கும் இடங்களின் கழிவு நீர் ஓடைகளிற் கலந்தால் அவையும் கெடும். இதனால் வசதியுள்ளவர் வீடுகளில் இன்று தூய்மை இயந்திரங்கள் சுவரில் தொங்குகின்றன.

நமது அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் நீர் மாநிலப் பட்டியலில் 17-ஆம் இனமாகவும், காப்புரிமை மத்தியப் பட்டியலில் 49-ஆம் இனமாகவும் வைக்கப்பட்டுள்ளன. ஆகவே பனச்சமூட்டில் எல்லையைத் தாண்டினால் கிணற்று நீருக்குரிய சட்டம் மாறுகிறது. அந்நீரைத் தெளிவிக்கும் இயந்திரத்தின் உரிமைச் சட்டமோ மாறுவதில்லை. 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நெய்யாற்று அணையின் இடதுகரைக் கால்வாய் நீர் விளவங்கோட்டு வயல்களுக்கு வந்துகொண்டிருந்து, 2004-ல் நின்றது. தமிழ்நாடு 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அவ்வழக்கின் நியாயத்தை நாம் இங்கு ஆராயப் புகவில்லை. ஒப்பந்தம் என்னும் தாளொன்று தண்ணீருக்கும் தாகத்திற்கும் இடையில் வந்து நிற்பது எத்தகையது என்பதை இப்பக்கத்து மக்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை என்பதற்காகவே அதனைக் குறித்தோம்.

காப்புரிமையைப் பற்றி இரு திறத்தார் வாதிக்கின்றனர். ஒரு திறத்தார், "கண்டுபிடித்தவன் தன் வாழ்நாளையும் கைப்பொருளையும் செலவிட்டான், அவனுக்கு ஊதியம் இல்லையெனில் அடுத்தவன் முயலமாட்டான்" என்பர். மற்றவர், "நீர் உயிர், அதனைத் தூய்மை செய்யும் அறிவைப் பூட்டி வைப்பவன் உயிரையே பூட்டுகிறான்" என்பர். இரண்டிலும் உண்மை உண்டு. இவை எதிரெதிர் நின்று பொருதபோது என்ன நேர்ந்தது என்பதற்கு நடந்த வழக்குகள் இரண்டினைக் காட்டுவோம்.

முதலாவது சாக்கடை நீரைப் பற்றியது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்தின் டேவிஹூம் கழிவுநீர் நிலையத்தில் ஆர்டெர்ன், லாக்கெட் என்னும் இரு வேதியியலார் பணிபுரிந்தனர். சாக்கடை நீரினுள் காற்றைச் செலுத்தி, அடியிற் படியும் கசடை வெளியே கொட்டாமல் வைத்துக்கொண்டு, மேன்மேலும் புதிய சாக்கடை நீரோடு கலந்துவந்தனர். கசடில் வாழும் நுண்ணுயிர்கள் பெருகி, அழுக்கைத் தின்று, முதலில் வாரக்கணக்கில் நடந்த தூய்மையை ஒரு நாளுக்குள் முடித்தன. இதனை அவர்கள் 1914 ஏப்ரலில் அறிஞர் கூட்டத்தில் படித்து வெளியிட்டனர். உயிர்ப்பூட்டிய கசடு முறை என்று இதனைச் சொல்லலாம். இன்றும் உலகின் பெருநகரங்கள் பல இம்முறையாலேயே தம் கழிவு நீரைத் தூய்மை செய்கின்றன. எனினும் அம்முறையைக் கருவிகளோடு இயக்கும் வகைகளுக்குக் காப்புரிமை பெற்றது ஜோன்ஸ் அண்டு ஆட்வுட் என்னும் பொறியியல் நிறுவனம்.

அமெரிக்காவில் மில்வாக்கி நகராட்சி 1925-ல் இம்முறைப்படி பெரியதொரு நிலையத்தை இயக்கத் தொடங்கியது. உரிமையை வைத்திருந்த கம்பெனி, நகராட்சி உரிமம் பெறவில்லை என்று வழக்காடியது. காப்புரிமை செல்லாது என்று நகராட்சி வாதித்தது. 1934-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், காப்புரிமை செல்லும், நகராட்சி அதனை மீறியது உண்மையே, அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்த்தது. ஆனால் நிலையத்தை இயக்கலாகாது என்று தடையாணை பிறப்பிக்க மறுத்துவிட்டது. நிலையத்தை மூடினால் நகரத்தின் கழிவு முழுவதும் மிச்சிகன் ஏரியில் விழும். அந்நகர மக்களும் அயலூர் மக்களும் நோய்ப்படுவர். கம்பெனிக்கு உண்டான நட்டத்தைப் பணத்தால் ஈடு செய்யலாம், மக்களுக்கு உண்டாகும் கேட்டை அவ்வாறு ஈடு செய்ய இயலாது என்பது அதன் கருத்து.

அன்பர்கள் இத்தீர்ப்பைக் கோசல நாட்டு வழியில் பிறந்த விதியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வடிகட்டி உன்னுடையது, அதற்குரிய மதிப்பைப் பெற்றுக்கொள், ஆனால் தாகத்தின் முன்னே மறுக்காதே. திரிபிடகத்தை அறியாத நீதிபதிகள், உடைமையையும் மறுக்கும் அதிகாரத்தையும் பிரித்து, ஒன்றை உரியவனிடம் விட்டு, மற்றொன்றை நீக்கினார்கள். அறம் எங்கிருந்து நோக்கினும் ஒரே உருவில் தோன்றும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இவ்வழக்கில் இன்னொரு பாடமும் உண்டு. கண்டுபிடித்தவர் யார்? ஆர்டெர்னுக்கும் லாக்கெட்டுக்கும் அவ்வழியைக் காட்டியவர் கில்பர்ட் பௌலர் என்னும் அறிஞர். பின்னாளில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திற் பேராசிரியராக இருந்தவரும் அவரே. அவருக்கு அந்த எண்ணம் அமெரிக்காவில் லாரன்ஸ் என்னும் ஊரின் ஆய்வு நிலையத்தில் 1912-ல் கண்ட சோதனைகளால் எழுந்தது. அச்சோதனைகளுக்கு முன்னும் சாக்கடை நீரிற் காற்றைச் செலுத்திப் பார்த்தவர் இருந்தனர். பின்னர் கருவி செய்த பொறியாளர் வந்தார். இவற்றுள் எதனை நீக்கினாலும் அடுத்தது தோன்றாது. இது இருந்தால் அது உண்டாகும் என்னும் சார்பின் தத்துவத்தை நாம் பிறப்பிறப்புக்கு மட்டுமே உரியதாகக் கருதுகிறோம். அறிவும் சார்பிற் பிறப்பதே. தனியொருவன் தன் தலையிலிருந்தே முழுதும் படைத்தான் என்னும் எண்ணம், 'நான்', 'எனது' என்னும் பழைய மயக்கத்தின் புதிய வேடமே.

அவ்வாறாயின் ஒருவருக்கும் ஊதியம் வேண்டாவோ என்று வினவலாம். வேண்டும். அநாத்ம தத்துவம் முயற்சியையும் அதன் பயனையும் மறுப்பதன்று. உயிர்கள் தத்தம் வினைக்கு உரியவர்கள் என்பதும் பகவான் வாக்கே. சங்கிலியின் ஒரு கண்ணியைச் செய்தவன் அக்கண்ணிக்குரிய கூலியைப் பெறுக. சங்கிலி முழுவதும் தன்னுடையதென்று பூட்டுப் போடுவதே தகாதது.

இரண்டாவது வழக்கு, நம் வீட்டுச் சுவரில் தொங்கும் இயந்திரத்தோடு நெருங்கிய தொடர்புடையது. ஆர்.ஓ. என்று கடைக்காரர் சொல்லும் இயந்திரத்தின் உயிர்நிலை ஒரு மெல்லிய சவ்வு. அழுத்தத்தோடு நீரைச் செலுத்தினால் அச்சவ்வு நீரை விட்டு உப்பைத் தடுக்கும். பயன்படத்தக்க முதற் சவ்வைச் செய்தவர்கள் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவிற் பிறந்த சீனிவாச சௌரிராஜன் என்பவரும் ஆவர். 1950-களின் இறுதியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அதனைச் செய்தனர். அதனினும் சிறந்த, பல அடுக்காலான மெல்லிய சவ்வை ஜான் கடாட் என்பவர் கண்டார். அவர் அப்போது மிட்வெஸ்ட் ஆராய்ச்சி நிலையத்தில், அமெரிக்க அரசின் பணத்தைக் கொண்டு, அரசோடு செய்த ஒப்பந்தத்தின் கீழ் ஆராய்ச்சி செய்து வந்தார். பின்னர் அந்நிலையத்தை விட்டு, பிலிம்டெக் என்னும் கம்பெனியிற் சேர்ந்தார். சவ்வின் காப்புரிமை 1981-ல் அவர் பெயரால் வழங்கப்பட்டு அக்கம்பெனியின் உடைமையாயிற்று.

அக்கம்பெனி, அதே வகைச் சவ்வைச் செய்த ஹைட்ரநாட்டிக்ஸ் என்னும் கம்பெனியின் மேல் வழக்குத் தொடுத்தது. கீழ் நீதிமன்றம் பிலிம்டெக் பக்கமே தீர்த்தது. 1992-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. கடாட் அச்சவ்வை மனத்தில் உருவாக்கியது அரசின் ஒப்பந்தத்தின் கீழ்ப் பணிபுரிந்த காலத்திலேயே. உப்பு நீரை நன்னீராக்கும் ஆராய்ச்சிக்கு அரசு பணம் கொடுத்தபோது, அதன் பயன் பொதுமக்களுக்கு உரியதாக வேண்டும் என்று சட்டம் விதித்திருந்தது. ஆகையால் அதன் உரிமை அரசைச் சேர்ந்தது. தனக்கு இல்லாத உரிமையைக் கொண்டு பிலிம்டெக் பிறரைத் தடுக்க முடியாது என்பது தீர்ப்பு.

பொருள் பிறப்பதற்கு முன்னரே கொடுத்த வாக்கு, பொருள் பிறந்தவுடன் அதனைப் பற்றிக்கொள்கிறது என்பது இதிலிருந்து நாம் அறிவது. பொதுப் பணத்தை உண்டு விளைந்த கதிரைத் தன் களத்தில் அடித்துக்கொள்ளலாகாது. ஆயினும் ஒன்றை மறைத்தல் கூடாது. வெற்றி பெற்றதும் ஒரு கம்பெனியே. தாகங்கொண்ட ஏழை அவ்வழக்கில் வாதியும் அல்லன், பிரதிவாதியும் அல்லன். பெரும்பாலான காப்புரிமை வழக்குகள் இத்தகையனவே. விற்பவர் இருவர் வழக்காடுகின்றனர்; குடிப்பவன் மன்றத்திற்கு வெளியே நிற்கிறான். அவனுக்காகப் பேச வேண்டியது சட்டத்தை இயற்றுவோரின் கடமை.

உரிமம் கேட்பவனுக்கும் அறம் உண்டு என்பதை இங்கே சொல்லாமல் விடுவது நடுநிலை ஆகாது. உரிமம் பெற்று, ராயல்டி தருவதாகக் கையெழுத்திட்டு, பின் விற்ற கணக்கைக் குறைத்துக் காட்டுபவன், கொடுக்காததைக் கொள்ளாமை என்னும் இரண்டாம் சீலத்தையும், பொய்யாமை என்னும் நான்காம் சீலத்தையும் ஒருங்கே கெடுக்கிறான். 'இது தண்ணீர்க் காரியம், தருமக் காரியம்' என்று அவன் சொல்லிக்கொள்வது குற்றத்தைக் குறைக்காது. தாகத்தால் கேட்பவன் வேறு, தாகங்கொண்டவனைக் காட்டிக் கொள்ளையடிப்பவன் வேறு. தன்னால் கொடுக்க இயன்ற விலையைக் கொடாதவன், அடுத்த வடிகட்டியைச் செய்ய இருந்தவனின் கையை முடக்குகிறான்.

நம் நாட்டுச் சட்டம் இவ்விடத்தில் என்ன செய்திருக்கிறது? வெள்ளையராட்சியில் 1911-ல் ஏற்பட்ட சட்டமே விடுதலைக்குப் பின்னும் நெடுநாள் நின்றது. அதனை ஆராயும்படி நியமிக்கப்பெற்ற நீதிபதி ராஜகோபால ஐயங்கார் 1959-ல் அறிக்கை அளித்தார். அதனை அடிப்படையாகக் கொண்ட 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் 1972 ஏப்ரல் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. பின்னர் உலக வாணிக ஒப்பந்தத்தால் பல திருத்தங்கள் நேர்ந்தாலும் அதன் சில பிரிவுகள் இன்றும் நம் ஆராய்ச்சிக்கு உதவுவன. பொதுமக்களின் நியாயமான தேவை நிறைவேறாவிடினும், பொருள் ஏற்கத்தக்க விலையிற் கிடைக்காவிடினும், உரிமை வழங்கி மூன்றாண்டு கழிந்தபின் பிறர் கட்டாய உரிமம் கேட்கலாம் என்கிறது 84-ஆம் பிரிவு. அரசு தன் காரியங்களுக்காகப் பயன்படுத்திக்கொள்ள வழி செய்கிறது 100-ஆம் பிரிவு. உரிம ஒப்பந்தத்தில் காப்புரிமைக்கு உட்படாத வேறு சரக்குகளையும் எம்மிடமே வாங்க வேண்டும் என்று கட்டுதலும், காப்புரிமை செல்லுமா என்று நீ கேட்கலாகாது என்று வாயடைத்தலும் செல்லா என்கிறது 140-ஆம் பிரிவு.

இவை ஏட்டில் மட்டும் இருப்பன அல்ல. 2012 மார்ச்சில், பேயர் கம்பெனியின் புற்றுநோய் மருந்து ஒன்றைச் செய்ய நாட்கோ என்னும் இந்தியக் கம்பெனிக்குக் கட்டாய உரிமம் வழங்கப்பட்டது. ஒரு மாதத்திற்கு ஏறக்குறைய 2,80,000 ரூபாய் விலையான மருந்து 8,880 ரூபாய்க்குக் கிடைக்க வழி பிறந்தது. உரிமையாளரையும் வெறுங்கையோடு விடவில்லை. விற்பனையில் நூற்றுக்கு 6 பங்கு ராயல்டி விதித்தனர். மறு ஆண்டு மேல்முறையீட்டில் அது 7 ஆயிற்று. மருந்துக்குச் சொன்ன இந்த நியாயம் தண்ணீருக்கும் பொருந்தாதென்று யார் சொல்ல வல்லார்? உடைமை நின்றது, கூலி கிடைத்தது, மறுப்பு மட்டும் நீங்கியது.

ஆயினும் பகவானின் விதி மறுக்காதே என்பதோடு முடியவில்லை என்பதை நினைவிற் கொள்வோம். வடிகட்டி இன்றி வழிப்புறப்படாதே என்பது அதன் இரண்டாம் பகுதி. என்றும் பிறனிடம் கேட்டு நிற்பவனாக இராதே, உனக்குரிய கருவியை நீயே தேடிக்கொள் என்பது அதன் கருத்து. ஒரு துணி போதாதபோது, கழியில் கட்டிய பெருவடிகட்டியை வைத்துக்கொள்ள அவர் இசைந்தார் என்றும் விநயம் கூறும். ஒரு நாடு பொதுப் பணத்தில் ஆராய்ச்சி நிலையம் வைப்பதும் இத்தகையதே. 1958-ல் நாகபுரியில் தொடங்கப்பட்ட பொதுநலப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம், புளூரைடு மிகுந்த நீரைப் படிகாரமும் சுண்ணாம்பும் கொண்டு தூய்மை செய்யும் நல்கொண்டா முறையை வகுத்தது. வாளியும் கோலும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பமே அதனைச் செய்துகொள்ளலாம்.

மேலாடையின் முனையே போதும் என்பது மூன்றாம் பகுதி. எளியதால் முடியுமிடத்தில் அரியதற்கு ஏங்காதே என்பது அது. இரும்பு கலந்த கிணற்று நீருக்குப் பல இடங்களில் வேண்டுவது சவ்வு இயந்திரம் அன்று. துளையிட்ட தட்டுகளின் வழியே நீரைச் சொரியவிட்டால் காற்றுப் பட்டு இரும்பு துருவாகும். அதனைத் தங்கவைத்து மணலில் வடித்தால் பெரும்பகுதி நீங்கும். இதற்கு யாரிடமும் உரிமம் கேட்க வேண்டுவதில்லை. கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டையை இழைத்துத் தெளியவைத்தல் தமிழர் நெடுங்காலமாக அறிந்தது. கலித்தொகைப் புலவருக்கு அது உவமையாகும் அளவுக்குப் பழகிய செயல். நோய்க்கிருமியை அறக் கொல்வதற்கு அது போதாது, காய்ச்சுதல் வேண்டும். எதற்கு எது போதும் என்றறிவதே அறிவு. அவ்வறிவு இல்லாதவனிடமே, தேவையற்ற இயந்திரம் தேவையற்ற ஒப்பந்தத்தோடு விற்கப்படுகிறது.

நம் சமூகத்து அன்பர்களுக்கு இக்கேள்வி மற்றவரைக் காட்டிலும் நெருங்கியது. தண்ணீர் மறுக்கப்பட்டவர்களின் மக்கள் நாம். மகாட் நகரத்துக் குளத்தில் 1927 மார்ச் 20-ஆம் நாள் பாபாசாகேப் அம்பேத்கர் இறங்கி ஒரு கை நீர் அள்ளிப் பருகியபோது, எதிர்த்தவர்கள் வழக்கு மன்றத்திற்கே சென்றார்கள். வழக்கமாக அது தங்களுக்கு மட்டுமே உரியது என்பது அவர்கள் வாதம். பத்தாண்டு கழித்து, 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் அவ்வாதத்தைத் தள்ளியது. அவர்களும் தண்ணீரை உண்டாக்கியவர்கள் அல்லர். தடுக்கும் அதிகாரம் ஒன்றையே அவர்கள் காக்க விரும்பினார்கள். நீரோடு எழுத்தும் நமக்கு மறுக்கப்பட்டிருந்தது. நீர்த்தூய்மைக் கலையின் உரிமத்தில் இவ்விரு மறுப்புகளும், நீர் மறுப்பும் அறிவு மறுப்பும், ஒரே தாளில் சந்திக்கின்றன.

சாதியால் மறுப்பதும் காப்புரிமையால் மறுப்பதும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. முன்னது பிறப்பைக் காரணமாகக் காட்டுவது. அதற்கு எவ்வகை நியாயமும் இல்லை. பின்னது உழைப்பைக் காரணமாகக் காட்டுவது. அதற்கு ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் மறுக்கப்பட்டவனின் நாவுக்கு இந்த வேறுபாடு தெரியாது. அன்றியும் மறுக்கப்பட்டவர் மறுக்கும் நிலைக்கு உயர்ந்தபின் பழையதை மறந்துவிடுதல் உலகத்து இயல்பு. 'மச்சரியம்' ஐந்து என்று பகவான் வகுத்தார்: உறைவிடத்தில், உறவில், ஊதியத்தில், புகழில், தருமத்தில். கற்றதைப் பிறர்க்கு ஈயாமை அவற்றுள் ஐந்தாவது. நம் பிள்ளைகள் இன்று பொறியியலும் வேதியியலும் கற்கின்றனர். நாளை அவர்களுள் ஒருவர் நல்லதொரு வடிகட்டியைக் கண்டு காப்புரிமை பெறலாம். பெறட்டும், அதில் நமக்கு மகிழ்ச்சியே. அன்று அவர் கோசல நாட்டு வழியை நினைவிற் கொள்வாராக.

இறுதியாக, செயலுக்கு உதவும் சொற்கள் சில. நம் ஊராட்சியோ, பள்ளியோ, சங்கமோ தூய்மை நிலையம் ஒன்றை வாங்க ஒப்பந்தம் எழுதும்போது, கையெழுத்திடுமுன் மூன்று வினாக்களைக் கேட்க வேண்டும். இதன் காப்புரிமை யாருடையது, எந்த ஆண்டில் முடிகிறது என்பது முதல் வினா. முடிந்த உரிமைக்கு ராயல்டி கொடுப்பவர் அறியாமைக்கு வரி செலுத்துபவரே. வடிபொருளும் மருந்தும் பிறரிடம் வாங்கத் தடை உண்டா என்பது இரண்டாவது. உண்டெனில் 140-ஆம் பிரிவை எடுத்துக் காட்டுக. வழக்கு நேர்ந்தால் அது தீரும் வரையில் நீர் ஓடுமா, நிற்குமா என்பது மூன்றாவது. பணத்தைப் பற்றிய பூசலைப் பணத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்றும், எக்காரணத்தாலும் குடிநீர் ஓட்டத்தை நிறுத்தலாகாது என்றும் ஒரு வரி அவ்வொப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். எழுத மறுப்பவரிடம் வாங்காதிருப்பதே நன்று. வழியில் மாண்ட பிக்குவுக்கு அந்த ஒரு வரி இல்லாமற் போயிற்று. அதனாலேயே அது விதியாக நம்மிடம் வந்து சேர்ந்தது.